எச்.டி. நாலு எங்கிருந்து வந்தது

1

காலையில் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் போத்தல்களை எண்ணுவேன். ஒன்பதும் சிவப்பாக இருந்தால்தான் குளிர்ச்சட்டையைக் கழற்றுவேன். பஸ்ஸில் வரும்போதே ஒரு பல்ப் அணைந்திருக்கும், ஒரு மூடி தளர்ந்திருக்கும், ஏதோ ஒரு போத்தல் வெளுத்துப்போயிருக்கும் என்று மனம் அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது. அப்படியும் என் மனதுக்குப் புத்தி வராது. அடுத்த நாளும் அப்படியே அடித்துக்கொள்ளும்.

நான் இருப்பது நோர்வேயில், ட்ரொண்ட்ஹெய்ம் என்ற ஊரில். கார்த்திகை மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும். இந்த இருட்டு ஊரில் எனக்குச் சோறு போடுவது வெளிச்சத்தில் வாழும் ஒரு பற்றீரியா. ஊதாப் பற்றீரியா என்று புத்தகத்தில் போட்டிருக்கும். பார்த்தால் பீட்ரூட் சட்டி கழுவிய தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

உயர்தர வகுப்பில் ஒளித்தொகுப்பு படித்தவர்கள் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். செடி வெளிச்சத்தை வைத்துத் தண்ணீரைப் பிளக்கும், ஒட்சிசனை வெளியே விடும். இவை தண்ணீரைப் பிளப்பதில்லை, ஒட்சிசனும் விடுவதில்லை. அழுகலில் உண்டாகும் புளிப்பு அமிலங்களிலிருந்து இலத்திரனை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் தங்கள் சமையலை முடித்துவிடும். அதிலும் நம் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ் ஒளிதான் இவற்றுக்கு நன்றாகப் பிடிக்கும். புதிய எல்.ஈ.டி. பல்ப்பில் அது கிடையாது. தொட்டால் சுடுகிற பழைய மஞ்சள் பல்ப்பில் நிறைய உண்டு. அந்தப் பல்ப் இங்கே கடைகளுக்கு வராமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. இலங்கைக்குப் போய்வருகிறவர்கள் மிளகாய்த் தூளும் நெத்தலியும் கொண்டுவருவார்கள். நான் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிக் கடையில் மஞ்சள் பல்ப் வாங்கி, சேலைக்குள் சுற்றிக் கொண்டுவருவேன். ஒருமுறை சுங்கத்தில் பெட்டியைத் திறந்தவர், “எங்கள் ஊரிலும் மின்சாரம் இருக்கிறது, தெரியுமா?” என்று கேட்டார்.

போன மாதம் நான் இங்கே வந்து பதினான்கு வருஷம் நிறைந்தது. இந்த ஊரில் யாருக்கு விசேஷமோ அவர்தான் கேக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வாழ்த்துவார்கள். நானும் ரவையும் கஜுவும் போட்டு லவ் கேக் செய்து கொண்டுபோனேன். எங்கள் பிரிவின் தலைவி இங்ரிட் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நஸ்ராவின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. எட்டு மாதமாக அந்த ஓடையிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை. நீட்டலாமா, விட்டுவிடலாமா? அந்த இடம் உனக்குத்தான் தெரியும். அவளுக்கு வேலை தெரியவில்லையா?”

கண்டியில் எங்களுக்காக மாதிரி எடுக்கும் நஸ்ராவுக்கு வேலை நன்றாகத் தெரியும். அவள் தேடியது அங்கே இல்லை, அது அங்கே இல்லை என்பது எனக்குப் பதினான்கு வருஷமாகத் தெரியும். “யோசித்துச் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே தட்டுகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

2

எங்கள் ஒன்பது போத்தல்களிலும் இருப்பது ஒரே வகை. அதன் பெயர் எச்.டி. நாலு. எச்.டி. என்றால் ஹந்தானை, கண்டிக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டம். நாலு என்றால் நாலாவது மாதிரி என்று இங்கே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். நான் திருத்தவில்லை. அது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தின் நாலாம் காம்பரா. அப்பா, அம்மா, அண்ணன், நான் நாலு பேரும் இருந்த வீடு. இப்போது அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை, பின்னால் கழிவுநீர் ஓட ஒரே கான். பத்து வீட்டுக் கஞ்சித் தண்ணீரும் தேயிலைச் சக்கையும், ஏழாம் காம்பராக்காரர் மாட்டுக் கொட்டில் கழுவிய தண்ணீரும், மேட்டில் இருந்த இரண்டு கக்கூஸின் கசிவும் அந்தக் கானில்தான் வந்து சேரும். எங்கள் காம்பராவுக்கு நேர் பின்னால் கான் கொஞ்சம் பள்ளமாகித் தேங்கி நிற்கும். மழை குறைந்த தை, மாசியில் அந்தத் தேக்கத்தில் சிவப்பாக ஒரு படலம் படியும். அம்மா விளக்குமாற்றால் அதைத் தள்ளிவிட்டு, மேட்டு வீட்டுக்காரர்களைப் பொதுவாகத் திட்டுவார்.

பல்கலைக்கழகத்தில் இறுதி வருஷம் ஒளித்தொகுப்புப் பற்றீரியா பற்றி ஒரு ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. மற்றவர்கள் வாகனம் பிடித்துச் சேற்று நிலம் தேடிப் போனார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்தில் எல்லோரும் கோவிலுக்குப் போன நேரம், ஜேம் போத்தலில் அந்தச் சேற்றை அள்ளினேன். வாய்வரைக்கும் ஊடகம் என்கிற வளர்ப்புக் கரைசலை ஊற்றிக் காற்றில்லாமல் மூடி மஞ்சள் பல்ப்புக்கு முன்னால் வைத்தேன். எட்டாம் நாள் போத்தல் சிவந்தது. அது சாதாரணமானது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. தேயிலைக் கழிவின் துவர்ப்பில் இந்த இனத்தில் மற்றவை நலிந்துவிடும். எங்கள் கானில் பிறந்தது அந்தத் துவர்ப்பிலேயே கொழுத்தது. பத்து வீட்டுத் தேயிலைச் சக்கையில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்ததற்கு அது என்ன பெரிய விஷயம்? ஆனால் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய அப்படி ஒன்றைத்தான் பலர் தேடிக்கொண்டிருந்தார்கள். அதைக் கொண்டுதான் எனக்கு இந்த ஊருக்கு வர இடம் கிடைத்தது.

வந்த முதல் வாரம், மேசையைச் சுற்றி எட்டுப் பேர் இருக்கும்போது இங்ரிட் கேட்டாள், “இதை எங்கிருந்து எடுத்தாய்?” மொழி வகுப்பில் அப்போதுதான் மலை, ஓடை, காடு எல்லாம் படித்திருந்தேன். “ஹந்தானையில் ஒரு மலை ஓடை” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பதிவேட்டில் ஏறியது. கானுக்கு அவர்கள் மொழியில் வார்த்தை தெரியாததால்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆங்கிலத்தில் எனக்குத் தெரியும். அந்த எட்டுப் பேருக்கும் ஆங்கிலம் தெரியும்.

வெட்கம்தான். வேறு காரணம் இல்லை.

ஒரு பொய் சொன்னால் அது வீட்டுக்கும் வந்துவிடுகிறது. இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்தார். என் கணவர் யோகனும் அப்படித்தான். அவர் என் லயத்துக்கு வந்திருக்கிறார், ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னதில்லை. அவருடைய அக்காதான் கல்யாணமான புதிதில், “கண்டியில எவடம்?” என்று கேட்டார். ஹந்தானை என்றேன். “நல்ல குளிரான இடம் என்ன?” என்றார். “ஓம்” என்றேன். அதற்கு முன்பே எங்கள் தோட்டத்து “ஆமா” போய், யாழ்ப்பாணத்து “ஓம்” என் வாய்க்கு வந்திருந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆமா என்றால், தோட்டத்து ஆளா என்பதுபோல எதிரில் இருப்பவர் ஒரு கணம் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து நானே மாற்றிக்கொண்டேன்.

மகள் தாரணிக்குப் பன்னிரண்டு வயது. ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் அம்மாவின் வேலை பற்றிப் படம் வரையச் சொன்னார்கள். அந்தச் சிவப்புப் பூச்சிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டாள். ஓடை என்றால் அவளுக்குப் போதவில்லை போல, நான் அருவி என்று சொல்லிவிட்டேன். லயத்துக்கு அவளைக் கூட்டிப்போனதே இல்லை. ஒரு மாடி வீடு, பின்னால் நீல அருவி, அதில் சிவப்புப் புள்ளிகள். அந்தப் படம் இன்னும் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. இப்போதெல்லாம் அவள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. காதில் எதையோ மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

3

இனி நஸ்ரா. கட்டுகஸ்தோட்டைப் பிள்ளை. வாப்பா இல்லை; உம்மாவும் அவளும் பாலத்துக்குக் கிட்ட ஒரு கடைக்கு மேல் மாடியில் இருக்கிறார்கள். பட்டம் முடித்து இரண்டு வருஷம் வேலைக்கு அலைந்தவள். இந்த வேலை நிலைத்தால் இதை வைத்தே மேற்படிப்புக்குப் பதியலாம் என்று இருந்தாள்.

அவளை ஏன் நியமித்தோம் என்றால், நான் எச்.டி. நாலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்த காலம் வேறு. இப்போது ஒரு நாட்டின் உயிரினத்தை வைத்துப் பெரிதாக எதையாவது செய்ய வேண்டுமென்றால் அந்த நாட்டின் அனுமதி வேண்டும். எங்கே, எந்த இடத்தில், யார் எடுத்தது என்று காகிதம் வேண்டும். எங்கள் போத்தல்களுக்கு அந்தக் காகிதம் இல்லை. ஆகவே அதே இடத்தில் முறைப்படி திரும்ப எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். விண்ணப்பத்தில் இடத்தை நிரப்பியது நான். பழைய பதிவேட்டைப் பார்த்து, ஹந்தானை மலை ஓடை என்று நிரப்பினேன். ஓடையிலும் ஏதாவது இருக்காதா என்று ஒரு நப்பாசை. அந்த ஒரு தாளில் முத்திரை வாங்க நஸ்ரா ஐந்து தடவை அரசுத் திணைக்களத்துக்கு நடந்தாள். சிங்களத்தில் நிரப்பியது போதாது, ஆங்கிலத்தில் வேண்டும் என்றார்களாம். ஆங்கிலத்தில் நிரப்பியதும், முதலில் கொடுத்த சிங்களத் தாள் எங்கே என்றார்களாம்.

ஓடைத் தண்ணீர் குளிர்ந்தது, ஓடிக்கொண்டே இருப்பது, ஒட்சிசன் நிறைந்தது. இவற்றுக்குப் பிடித்த சாப்பாடு அங்கே கிடையாது. அதிலும் சேறு கிளறினால் ஊதாப் பற்றீரியா ஒன்றிரண்டு வரும். தேயிலைத் துவர்ப்பில் போட்டதும் அடங்கிவிடும். நஸ்ரா மாதாமாதம் அனுப்பும் படங்களில் போத்தல்கள் வரிசையாக வெளுத்து நிற்கும்.

மூன்றாம் மாதம் அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஓடைக்குப் போகும் வழியில் ஒரு லயத்தில் மழைக்கு ஒதுங்கினாளாம், அந்த வீட்டுப் பெண் தேநீர் தந்தாராம், பேச்சுவாக்கில் பார்த்தால் அவர் மகேஸ் அக்காவின், அதாவது என், அண்ணியாம். உலகம் சிறியது என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு வரி: வீட்டுக்குப் பின்னால் கானில் சிவப்பாகப் படிந்திருக்கிறது, அதிலும் ஒரு மாதிரி எடுக்கட்டுமா?

அன்றே பதில் போட்டேன். வேண்டாம், அனுமதி ஓடைக்கு மட்டும்தான், கானில் எடுத்தால் கலப்படம் என்பார்கள். இரண்டே வரி. எல்லாம் சட்டப்படி சரியான வார்த்தைகள். அவள், “சரி அக்கா” என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்த ஓடையிலேயே இறங்கினாள்.

4

கேக் சாப்பிட்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இங்ரிட்டிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கூடவே, சொல்லாமலே இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்காதா என்றும் நினைத்தேன். கோழைக்கு வழி கிடைக்காமல் போகாது. நஸ்ரா தற்செயலாகக் கானைக் கண்டுபிடித்த மாதிரி ஆகிவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று தோன்றியது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணியை அழைத்தேன். அண்ணியிடம் பேசும்போது மட்டும் எனக்குப் பழைய தமிழ் வரும். அதனால் கதவைச் சாத்துவது வழக்கம்.

“அண்ணி, அந்த நஸ்ரா புள்ளய ஒரு தடவ வரச் சொல்லி, பின்னால கானக் காட்டுங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேணாம்.”

“எதுக்கு மகேசு? அந்த நாத்தம் புடிச்ச கானையா?”

“ஆமாண்ணி. ஆராய்ச்சிக்கு. நாங்க அதத்தான் பாக்கணும்.”

“சரி, நான் பாத்துக்கிறேன்” என்றார் அண்ணி.

அண்ணி சொன்னால் செய்கிறவர். இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் ஏழு படம் வந்தது. லயத்துப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கான் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெள்ளையாக இருந்தது. சேற்றை வழித்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, ஓரமெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். எங்கள் காம்பராவுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தைக் கல் போட்டு நிரவியிருந்தார்கள்.

நான் உடனே அழைத்தேன். “ஏன் அண்ணி கழுவுனீங்க?”

“ஏன்னா? ஒன் ஆபீஸ்லேர்ந்து ஆளு வந்து பாக்குறப்ப நமக்கு ஒரு மரியாத வேணாமா? பத்து வீட்டுப் பொம்பளைங்களும் ஒருநா பேரு போடப் போகல. ஒனக்காகத்தான்.”

“அந்தச் செவப்புத்தான் அண்ணி எங்களுக்கு வேணும். இனிமே ப்ளீச்சிங் பவுடர் போடாதீங்க, தயவு செஞ்சு.”

“அப்ப நாத்தம் எங்களுக்கு, போத்தல் ஒனக்கா?”

கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அண்ணன் பல்லேகலத் தொழிற்சாலையிலிருந்து வந்துவிட்டார், சாப்பாடு போட வேண்டும் என்று சொல்லி அண்ணி வைத்துவிட்டார். ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு எனக்காகக் கான் கழுவியிருக்கிறார்கள். அதே வெட்கம்தான், என்னுடையது மாதிரியே. என்ன, அவர்கள் அதற்கு விளக்குமாற்றை எடுத்தார்கள், நான் பேனாவை எடுத்தேன்.

நஸ்ராவின் வேலை போவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவளைக் காப்பாற்றக்கூடிய சேறு மகாவலி ஆற்றுக்குப் போய்விட்டது, அதுவும் என் புத்திசாலித்தனத்தால்.

5

மறுநாள் போத்தல்களைக்கூட எண்ணாமல் இங்ரிட்டின் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். ஓடை இல்லை, கான். நாலு என்பது வீட்டு இலக்கம். அது என் வீடு. நஸ்ரா மூன்றாம் மாதமே கேட்டாள், நான்தான் தடுத்தேன்.

இங்ரிட் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். “எட்டு மாதம்” என்றாள். கொஞ்சம் கழித்து, “ஏன்?” என்றாள்.

“மேலே கக்கூஸ் இருந்தது” என்றேன். நாற்பது வயது தாண்டிய ஒருத்தி சொல்கிற பதிலா அது? ஆனால் அதற்குமேல் எந்த மொழியிலும் வரவில்லை.

“என் அப்பா பன்றி வளர்த்தார். நான் முதல் ஊதாப் பற்றீரியாவை எடுத்தது அந்தச் சாணிக் குழியில். அதை எல்லா மாநாட்டிலும் சொல்லியிருக்கிறேன்.” அவள் சிரிக்கவில்லை. “பதிவேட்டைத் திருத்த வேண்டும். இதுவரை எழுதியதில் எல்லாம் இடம் பிழை என்று அறிவிக்க வேண்டும். அதை நீ எழுது. நஸ்ராவிடமும் நீயே சொல். அந்தக் கானிலிருந்துதான் வந்தது என்று காட்ட ஏதாவது ஒன்று இருந்தால் ஒப்பந்தத்தை நீட்டக் கேட்பேன். ஒன்றும் இல்லாமல் மேலிடத்தில் பேச என்னால் முடியாது.”

எனக்கு அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அவளுக்குச் சாணிக் குழி ஒரு கதை. அதே மாதிரி எனக்கு ஏன் கான் ஒரு கதையாகவில்லை என்று அவள் யோசித்திருக்கமாட்டாள். நானும் விளக்கவில்லை.

நஸ்ராவை அழைத்தபோது கண்டியில் பிற்பகல். பின்னால் பாலத்தில் பஸ் போகிற சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

“அக்கா, அது ஒங்கட வீடுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஒங்கட பட்டமளிப்புப் படத்தையும் அண்ணி காட்டினாங்க. ஆனா நீங்க ஓடைன்னு எழுதினது பொய்யா ஈக்கும்னு நான் நெனக்கல்ல. ஒங்கட சொல்ல நம்பினேன்.”

“தெரியும் நஸ்ரா.”

“ஒங்களுக்குத் தெரியாது அக்கா. அட்டக் கடியோட எத்தன தரம் அந்த ஓடையில எறங்கினேன். ஊடகத்த மாத்தினேன், பல்ப்ப மாத்தினேன், போத்தல மாத்தினேன். கடசில என்ட கையிலதான் பிழ ஈக்குன்னு நெனச்சேன். எனக்கு இந்தப் படிப்பே சரிவராதுன்னு உம்மாக்கிட்ட சொல்லி அழுதேன்.”

“மன்னிச்சிரு” என்றேன்.

“அத பொறகு பாப்போம். இப்ப கான் என்ன நெலமையில ஈக்கு?”

கழுவிய கதையைச் சொன்னேன்.

“எங்கட வீட்ட ஒரு போத்தல் ஈக்கு” என்றாள் நஸ்ரா. “அன்னைக்கு மழ வுட்ட பொறகு ஒரு ஜேம் போத்தல்ல எடுத்துட்டுத்தான் ஒங்களுக்கு எழுதினேன். நீங்க வேணாம்னு சொன்னதால லெப்புக்குக் கொண்டு போகல்ல. கொட்டவும் மனசு வரல்ல. ஜன்னல்ல வச்சேன், நல்லா செவந்துச்சு. உம்மாக்கு நாத்தம் தாங்கல்ல, தூக்கிக் குசினி அலுமாரிக்குள்ள வச்சிட்டாங்க. வெடிச்சிடும்னு பயந்து மூடியையும் தளத்தி வுட்டுட்டாங்க. இப்ப வெறும் சாம்பல் நெறம். செத்துட்டு போல.”

நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். “நஸ்ரா, அதக் கொட்டிராத. அது சாகாம இருக்கலாம்.”

படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த இனம் ஒரு வழியை மட்டும் நம்பி இருப்பதில்லை. வெளிச்சம் இருந்து காற்று இல்லாவிட்டால் நிறத்தை உண்டாக்கி ஒளித்தொகுப்புச் செய்யும். இருட்டில் போட்டுக் காற்றை விட்டால், நிறம் உண்டாக்குவதை நிறுத்திவிட்டு நம்மைப்போல ஒட்சிசனைச் சுவாசித்துக்கொண்டு கிடக்கும். வெளுத்துப் போகும், ஆனால் உயிரோடு இருக்கும். காற்றை அடைத்து வெளிச்சத்தைக் காட்டினால் திரும்ப நிறம் உண்டாக்கும். ஐந்து மாதம் அலுமாரிக்குள் சாப்பாடில்லாமல் இருந்ததில் எத்தனை மிச்சம் என்பதுதான் கேள்வி. அதை நஸ்ராவும் அறிவாள். எட்டு மாதத் தோல்வியில் அவளுக்குத் தன் மேலேயே நம்பிக்கை போயிருந்தது, அதனால்தான் செத்துவிட்டது என்று சொன்னாள். அந்த நம்பிக்கையைக் கெடுத்தது நான்.

6

ஜேம் போத்தலின் அடிச்சேற்றில் நஸ்ரா வீட்டிலேயே கொஞ்சம் எடுத்து, தேயிலைச் சாயம் கலந்த புதிய ஊடகத்தில் போட்டு, வாய்வரை நிரப்பி இறுக்க மூடினாள். மேசையில் மஞ்சள் பல்ப். அந்தச் சாயத்தில் சிவந்தால் அது எச்.டி. நாலின் ஆட்கள்தான். ஒப்பந்தம் முடியப் பதினொரு நாள் இருந்தது. நல்ல நிலையில் உள்ள சேறே சிவக்க ஒரு வாரம் எடுக்கும்.

அந்த நாட்களில் நான் மனுஷியாக இல்லை. நாலரை மணி நேர வித்தியாசத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் கட்டுகஸ்தோட்டையில் காலையிலிருந்து கரண்ட் இல்லை என்று நஸ்ரா எழுதினாள். ஆய்வுக்கூடத்தில் என் ஒன்பது போத்தல்களும் நன்றாகச் சிவந்து கிடந்தன. அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவள் அனுப்பிய படத்தில் சுவிட்சின் மேல் பெரிய பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. யாரும் தெரியாமல் அணைத்துவிடக் கூடாது என்று உம்மா ஒட்டியதாம். அலுமாரியில் வைத்த குற்றத்துக்கு இப்போது அவரே காவல் இருக்கிறாராம். நஸ்ரா எனக்கு எழுதியதில் சிரிப்பு மாதிரி இருந்த ஒரே செய்தி அதுதான். மற்றபடி அவள் செய்திகள் எல்லாம் இரண்டு வார்த்தை. மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை.

அண்ணியிடமும் பேசினேன். கானை எப்போது வேண்டுமானாலும் கழுவுங்கள், நான் சொன்னது பிழை என்று சொன்னேன். சேறு திரும்பப் படிந்ததும் நஸ்ரா வந்து ஒரே ஒரு கரண்டி எடுத்துக்கொள்வாள், அது போதும் என்றேன். “அத மொதல்லயே சொல்லியிருந்தா கழுவுறதுக்கு முந்தியே ஒரு வாளி எடுத்து வச்சிருப்பேன்ல?” என்றார் அண்ணி. நியாயம்தான். முதலிலேயே சொல்லியிருந்தால் எல்லாமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

எட்டாம் நாள் வந்த படத்தில் ஒரு செம்மை தெரிந்தது. நான் நம்பவில்லை. தேயிலைச் சாயமும் சிவப்புத்தான், மஞ்சள் பல்ப்பும் ஏமாற்றும். பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துக் காட்டச் சொன்னேன். சேறு போடாத சாயப் போத்தலையும் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். மறுநாள் காலை அவள் ஜன்னலில் தாளை ஒட்டி இரண்டையும் வைத்தாள். ஒன்று தேநீர் நிறம். மற்றது பீட்ரூட்.

ஆய்வுக்கூடத்தின் நடுவில் நின்று அழுதேன். பக்கத்தில் இருந்த பையன் தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, வீட்டில் ஏதும் துக்கமா என்று கேட்டான்.

இங்ரிட் படத்தைப் பார்த்தாள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் இது போதும் என்றாள். மாலைக்குள் நஸ்ராவுக்கு ஆறு மாத நீட்டிப்புக் கடிதம் போனது. ஒரு நிபந்தனை: புதிய இடத்தைக் குறிப்பிட்டுத் திணைக்களத்துக்கு உடனே புது விண்ணப்பம் போட வேண்டும். நஸ்ராவுக்கு வாழ்த்து அனுப்பினேன். “நன்றி அக்கா” என்று மட்டும் வந்தது. அந்த “அத பொறகு பாப்போம்” என்ற பேச்சை அவள் இன்னும் எடுக்கவில்லை. எப்போது எடுப்பாள் என்று இப்போது அதற்கும் பயந்துகொண்டிருக்கிறேன்.

7

போன சனிக்கிழமை காலை நஸ்ரா அழைத்தாள். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். தாரணி மேசையில் இருந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்த நேரமில்லை. கையெல்லாம் வெங்காயம், அதனால் சத்தமாகப் பேசும்படி வைத்தேன்.

“அக்கா, புது விண்ணப்ப போம் நெரப்புறேன். எடுத்த எடம் என்னான்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றபடிதான் எழுதுவேன்.”

கத்தியைக் கீழே வைத்தேன். “ஹந்தானை” என்றேன். அவள் எழுதுகிற சத்தம் கேட்டது. “தோட்டத்து லயம். நாலாம் காம்பரா. பின்பக்கக் கான்.”

“பின்... பக்க... கான்” என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். “கிட்ட ஈக்கிற வீடு யார்ட வீடுன்னு கேட்டிருக்காங்க. யார்ட பேரப் போட?”

“அண்ணன் பேரப் போடு. எங்க வீடுதான் அது.”

தாரணி காதில் இருந்ததைக் கழற்றினாள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அம்மா, லயம் எண்டா அந்த நீளமான வரிசை வீடுகள்தானே? அது உங்கட வீடா?”

“ஆமா” என்றேன். “எங்க வீடு.”

“அப்ப அருவி?”

“அருவி இல்ல. கான்தான்.”

அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஏமாற்றமா, கோபமா என்று தெரியவில்லை. “கான் எப்படி இருக்கும்?” என்று கேட்டாள். அவள் என்னிடம் ஒன்று கேட்டு எத்தனை மாதமாகிறது என்று தெரியாது. கையைக் கழுவிவிட்டு அவள் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து வரைந்தேன். நீளமாக ஒரு தகரக் கூரை, அதன் கீழ் பத்துக் கதவு. விரல் வைத்து எண்ணி நாலாவது கதவில் நிறுத்தினேன். நஸ்ரா மறுமுனையில் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கோடு போட்டுவிட்டு, சிவப்புப் பென்சில் இருக்கிறதா என்று தாரணியிடம் கேட்டேன்.